யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? திரை உத்திகளும் ஆண், பெண் சித்திரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, சிலவற்றுக்கு நாலு வரியே போதுமாக இருந்தது. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

ஆளை இழுப்பது கதைதானே? உத்திக்கு இதில் என்ன வேலை?

கதை இழுக்கும், சரி. ஆனால் அந்தக் கதையை யார் தோளில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதை உத்தி முடிவு செய்கிறது. இருட்டான அறைக்குள் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால், உள்ளே என்ன இருக்குமோ என்று நாமும் பயப்படுவோம். உள்ளே ஒளிந்திருப்பவர் பக்கம் இருந்தால், வருபவரைக் கண்டு பயப்படுவோம். சம்பவம் ஒன்றுதான். நாம் கட்சி மாறிவிட்டோம்.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை, சினிமா படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம். அதே ஷாட்டை ஒரு சூப் கிண்ணத்தோடும், ஒரு சவப்பெட்டியோடும், சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டு, என்ன நடிப்பு என்று வியந்தார்களாம். முகம் மாறவே இல்லை, பக்கத்தில் ஒட்டிய துண்டுதான் மாறியது. எடிட்டிங்கின் பலத்துக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. பார்ப்பவர் ஓர் ஆண். பார்க்கப்படுபவற்றின் வரிசையில் சூப், சவப்பெட்டி, அப்புறம் ஒரு பெண். இந்தப் பக்கத்தில் பேசப்போகும் முக்கால்வாசி விஷயம் அந்தத் துண்டுப் படத்திலேயே இருக்கிறது.

பார்வையாளரை நாற்காலியில் கட்டிப்போடும் உத்திகள் எவை?

எல்லாவற்றையும் எழுத ஒரு புத்தகம் வேண்டும். ஆண், பெண் சித்திரிப்போடு நேராகத் தொடர்புள்ளவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் குளோசப். அன்றாட வாழ்க்கையில் ஒரு முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்கும் சந்தர்ப்பம் குறைவு. கைக்குழந்தை, காதலர், படுக்கையில் கிடக்கும் நோயாளி, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவரோடு அந்த நெருக்கத்தைத் திரை இரண்டு விநாடியில் உண்டாக்கிவிடுகிறது. அதனால் ஒரு காட்சியில் குளோசப் யாருக்குக் கிடைக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் அடிக்கிறார், ஒருவர் அடி வாங்குகிறார். கேமரா யார் முகத்தில் போய் நிற்கிறதோ அவருடைய காட்சி அது.

அடுத்தது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கு. மேஜைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க, மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் மட்டும் அறியாமல் பேசிக்கொண்டிருந்தால் பல நிமிடத் தவிப்பு. இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் இது. திகில் படங்களில் அந்த அறியாதவர் இடத்தில் யாரை உட்கார வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெண், குளித்துக்கொண்டிருக்கும் பெண், கதவைப் பூட்ட மறந்த பெண். நம்முடைய பதற்றம் அவளுடைய அறியாமையில்தான் எரிகிறது.

அப்புறம் ஒலி. பிடிக்காத காட்சி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறோம், காதை மூட மறந்துவிடுகிறோம். இது காதல், இது ஆபத்து, இது சிரிக்க வேண்டிய இடம் என்று பின்னணி இசை ஒவ்வொரு காட்சிக்கும் பொருள் சொல்லிக்கொண்டே வருகிறது. இதைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேசுகிறேன்.

'ஆண் பார்வை' என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அதன் பொருள் என்ன?

பிரிட்டனைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல் இது. அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். சினிமாவில் மூன்று பார்வைகள் இருக்கின்றன: படம் பிடிக்கும் கேமராவின் பார்வை, திரையைப் பார்க்கும் நம் பார்வை, கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. பழைய ஹாலிவுட் படங்கள் முதல் இரண்டையும் மூன்றாவதற்குள் ஒளித்துவைத்துவிடும். அந்த மூன்றாவது பெரும்பாலும் நாயகனுடைய பார்வை. ஆகவே திரையரங்கில் இருக்கும் பெண்ணும்கூட நாயகனின் கண்ணை வாங்கிக்கொண்டுதான் நாயகியைப் பார்க்கிறாள்.

சொன்னால் புரிவதைவிட ஒரு அறிமுகக் காட்சியைப் பிரித்துப் பார்த்தால் சட்டென்று புரியும். நாயகன் எதையோ பார்த்து நின்றுவிடுகிறான். கட். ஒரு ஜோடிக் கால்கள். கேமரா மெதுவாக மேலே ஏறுகிறது: இடுப்பு, கழுத்து, உதடு, கடைசியாக முகம், காற்றில் கூந்தல். கட். மறுபடியும் நாயகன், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இந்தக் காட்சியில் அவளுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, எங்கே போகிறாள் என்றும் தெரியாது. அவனுக்கு மட்டும் ஓர் அனுபவம் நடந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முகத்துக்கு முன்னால் கால் வந்ததால், ஆளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உடலின் துண்டுகளைத் தெரிந்துகொண்டோம். அந்தச் சில விநாடிகள் கதையும் நகரவில்லை. கதையை நிறுத்திவைத்துப் பார்க்க வைப்பது அவள், கதையை நகர்த்துவது அவன். மல்வியின் கட்டுரையில் எனக்கு மிகவும் உதவியது இந்தக் கவனிப்புதான். அவர் துணைக்கு எடுத்துக்கொண்ட உளப்பகுப்பாய்வுக் கொள்கைகள் பிடிபடாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆண் பார்வை என்பது ஆண் ரசிகர்களைத் திட்டும் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஷாட்டுகளை அடுக்கும் ஒரு முறையின் பெயர். பெண் இயக்குநர் அந்த முறையில் எடுத்தாலும் அது அதேதான்.

நாயகனையும் சட்டையில்லாமல் காட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர்?

நியாயமான கேள்வி. திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீல் 1983இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதே 'ஸ்கிரீன்' இதழில் எழுதினார். ஆணின் உடலையும் சினிமா காட்சிப்பொருளாக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது. சண்டை, பயிற்சி, காயம், சித்திரவதை இப்படி ஏதாவது ஒன்று. சட்டை கிழிய வேண்டும் என்றால் முதலில் யாராவது அடிக்க வேண்டும். 'அழகாக இருக்கிறான், பாருங்கள்' என்று நேராகச் சொல்லத் திரைக்குக் கூச்சம்.

வியர்வையும் ரத்தமும் வழிய, ஸ்லோமோஷனில், லோ ஆங்கிளில் அவனைப் பார்க்கிறோம். கேமரா தரையில் இருப்பதால் அவன் ஆகாயத்தைத் தொடுகிறான். பெண் உடல் 'எடுத்துக்கொள்' என்பதுபோலக் காட்டப்பட்டால், ஆண் உடல் 'நெருங்காதே' என்பதுபோலக் காட்டப்படுகிறது. இரண்டும் காட்சிதான், ஆனால் அதிகாரம் இருக்கும் இடம் வேறு.

ஆண்களுக்கு இதனால் லாபம் மட்டும்தான் என்றும் சொல்ல மாட்டேன். நாயகன் அழுதால் பெரும்பாலும் மழை வேண்டும், அல்லது முதுகைக் காட்ட வேண்டும், அல்லது அந்த அழுகை அடுத்த காட்சியில் பழிவாங்கலாக மாற வேண்டும். துக்கம் துக்கமாகவே நிற்கத் திரைக்கதை அவனுக்கு நேரம் ஒதுக்குவது அரிது. படம் பார்க்கும் பையன்கள் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

ஒளியமைப்பில்கூட ஆண், பெண் வேறுபாடு உண்டா?

உண்டு. கறுப்பு வெள்ளைக் கால ஸ்டுடியோக்களிலேயே அது பழக்கமாகிவிட்டது. நாயகியின் முகத்துக்கு நேர் எதிரே சற்று உயரத்திலிருந்து விழும் மென்மையான ஒளி. மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சிறு நிழல் விழுவதால் அதற்குப் 'பட்டாம்பூச்சி ஒளி' என்றே பெயர். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய துணி, சில சமயம் கண்ணாடியில் வாசலின் தடவுவதும் உண்டு. சுருக்கம் கரைந்துவிடும், வயது கரைந்துவிடும். நாயகனுக்குப் பக்கவாட்டிலிருந்து கடினமான ஒளி. அவன் முகத்தில் கோடுகள் தெரிந்தால் அது அனுபவம். அவள் முகத்தில் தெரிந்தால் அது ஒளிப்பதிவாளரின் தவறு.

அடுத்தடுத்து வரும் இரண்டு குளோசப்பில் இவன் முகம் கல் செதுக்கியதுபோலவும் அவள் முகம் மஞ்சுக்குள் இருப்பதுபோலவும் தெரியும். இருவரும் ஒரே அறையில்தான் நிற்கிறார்கள் என்பதை நாம் நம்பிவிடுகிறோம்.

அப்படியென்றால் பெண்கள் ஏன் இந்தப் படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள்? ஏமாந்துபோகிறார்களா?

ஏமாளி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். உண்மை அவ்வளவு சுலபம் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான குறையைச் சுட்டினார். மல்வி பேசிய அந்தப் 'பெண்' யார்? திரையில் அலங்கரிக்கப்பட்ட வெள்ளைப் பெண். கறுப்பினப் பெண்களுக்கு அந்தத் திரையில் இடமே இல்லாததால், அவர்களில் பலர் நாயகனோடும் ஒட்டவில்லை, நாயகியோடும் ஒட்டவில்லை. தள்ளி நின்று, எதிர்த்துப் பார்க்கப் பழகினார்கள். அந்த எதிர்ப்பார்வையிலும் ஓர் இன்பம் இருந்தது என்கிறார் ஹூக்ஸ். படம் நம்மை எங்கே உட்கார வைத்தாலும் எழுந்து வேறு நாற்காலிக்குப் போகலாம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. கத்தியோடு ஒருவன் இளைஞர்களை ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை விரும்பிப் பார்ப்பவர்களில் பதின்வயதுப் பையன்கள் அதிகம். அமெரிக்க ஆய்வாளர் கரோல் க்ளோவர் 1987இல் அந்தப் படங்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். தொடக்கத்தில் கேமரா கொலைகாரனின் கண்ணாக இருக்கிறது. படம் முடிவை நெருங்க நெருங்க அது கடைசியாக உயிர் பிழைத்திருக்கும் பெண்ணின் பக்கம் வந்துவிடுகிறது. அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்று அவர் பெயர் வைத்தார். திரையரங்கு நிறைய இருக்கும் பையன்கள் அந்த அரைமணி நேரம் ஒரு பெண்ணின் மூச்சை வாங்கி மூச்சு விடுகிறார்கள். ஆணாகப் பிறந்தவன் ஆண் பாத்திரத்தோடுதான் ஒட்டுவான் என்பது அங்கே உடைந்துபோகிறது. மல்வி சொன்னது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. கேமராவை யாரிடம் கொடுத்தாலும் நாம் அவரோடு போய்விடுவோம் என்பதே பொருள். அப்படியிருக்க, ஏன் பெரும்பாலும் ஒருவரிடமே கொடுக்கிறார்கள்?

தொலைக்காட்சித் தொடர்கள் 'பெண்களுக்கானவை' என்று எப்படி ஆனது?

விளம்பரதாரர்களால். 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்துத் தொடர் நாடகங்கள் வந்தன. சோப்பு, சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் அவற்றுக்குப் பணம் போட்டார்கள். 'சோப் ஓபரா' என்ற பெயரே அதனால் வந்தது, கொஞ்சம் கேலியாகத்தான். இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண் உருவாக்கிய தொடர்களில் ஒன்று 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. ஏறக்குறைய 72 ஆண்டுகள். ஒரு பாட்டி கேட்கத் தொடங்கியதைப் பேத்தி பார்த்து முடித்திருக்கலாம்.

தொடர்களின் உத்திகளை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கம். ஒரு கன்னத்தில் அறை, மூன்று தரம் திரும்பக் காட்டல், ஒவ்வொரு முகமாக இடி இசையோடு ஜூம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் பேசப்பட்டதை இன்னொரு காட்சியில் இன்னொருவரிடம் மறுபடி சொல்வது ஏன்? பார்ப்பவர் முழுநேரமும் திரை முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது, பாதி நேரம் காதில் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தே அப்படி எழுதினார்கள். துண்டு துண்டாக, குறுக்கீடுகளோடு, எப்போதும் முடியாமல் ஓடும் அந்தத் தாளம் வீட்டுவேலையின் தாளத்தோடு பொருந்துகிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஆய்வாளர் டானியா மோட்லெஸ்கி எழுதினார். சினிமா ஒரு மையநாயகனையும் ஒரு முடிவையும் தருகிறது. தொடரோ பல பேரின் துயரத்தைத் தந்து, ஒவ்வொருவர் பக்க நியாயத்தையும் மாறி மாறிப் புரிந்துகொள் என்கிறது. குடும்பத்தில் எல்லோர் மனதையும் படித்துச் சமாளிக்க வேண்டியவருக்குப் பழகிய வேலை அது.

காட்சி முடியும் இடத்தைக் கவனியுங்கள். சினிமாவில் ஒரு காட்சி பெரும்பாலும் ஒரு செயலில் முடியும். தொடரில் ஒரு முகத்தில் முடியும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிய முகம், நாலைந்து விநாடி அப்படியே நிற்கும். சின்னத்திரைக்கு அகலமான காட்சி எடுபடாது, முகம்தான் எடுபடும் என்பது தொழில்நுட்பக் காரணம். அதோடு, பேச முடியாத இடத்தில் இருப்பவரின் மௌனத்துக்கு நேரம் கொடுக்கும் உத்தியும் அது. அந்த விதத்தில் தொடர்கள் பெண்ணின் உள்மனதுக்குப் பல பெரிய படங்களைவிட அதிக இடம் கொடுத்தன. அந்த இடத்தில் என்ன நிரப்பினார்கள் என்பது வேறு சண்டை. தியாகம் செய்பவள் நல்லவள், தனக்கென்று ஒன்று வேண்டும் என்பவள் கெட்டவள், அவளுக்கு மட்டும் கனமான கண் மை.

பெக்டெல் சோதனையில் தேறினால் நல்ல படமா?

இல்லை. முதலில் அது சோதனையாகப் பிறக்கவே இல்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த ஒரு சித்திரத்தில், ஒரு பாத்திரம் தான் படத்துக்குப் போக மூன்று நிபந்தனை சொல்கிறது. குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தோழி லிஸ் வாலஸிடமிருந்து கிடைத்த யோசனை என்று பெக்டெல் பிறகு சொன்னார். அந்தப் பாத்திரம் கடைசியாகப் பார்க்க முடிந்த படம் 1979இல் வந்த 'ஏலியன்', அதில் இரண்டு பெண்கள் அந்த ஜந்துவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் நகைச்சுவை.

நகைச்சுவை உறைப்பதற்குக் காரணம், தடை அவ்வளவு தாழ்வாக இருந்தும் பல படங்கள் தட்டி விழுகின்றன. ஆனால் ஒரு படத்தை மட்டும் எடுத்து இதால் தீர்ப்பு எழுதினால் கேலிக்கூத்தாகிவிடும். விண்வெளியில் தனியாகத் தவிக்கும் ஒரு பெண்ணையே கடைசிவரை பின்தொடரும் 'கிராவிட்டி' (2013) தோற்கும். இரண்டு பெண்கள் செருப்பைப் பற்றி அரை நிமிடம் பேசிக்கொள்ளும் ஒரு மோசமான படம் ஜெயிக்கும். நூறு படங்களை ஒன்றாக வைத்து ஒரு தொழிலின் பழக்கத்தை அளக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

'ஏலியன்' பற்றி ஒரு துணுக்கு. அதன் திரைக்கதையிலேயே, பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தது. ரிப்ளி என்ற பாத்திரத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவள் கட்டளையிடுகிறாள், தவறு செய்கிறாள், விதியைக் காட்டி வாதாடுகிறாள், அதற்கெல்லாம் யாரும் தனி விளக்கம் கொடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் தரும் எளிய பயிற்சி இதிலிருந்து வந்ததுதான்: பெயர்களை மறைத்துவிட்டு எழுதுங்கள், கடைசியில் பாலினத்தைப் போடுங்கள்.

குழந்தைகளுக்கான படங்களில் இதெல்லாம் இருக்காது அல்லவா?

அங்கேதான் தொடங்குகிறது. ஆண்கள் கூட்டம், நடுவில் ஒரே ஒரு பெண் என்ற அமைப்புக்கு அமெரிக்கக் கட்டுரையாளர் காதா பாலிட் 1991இல் 'ஸ்மர்ஃபெட் கொள்கை' என்று பெயர் வைத்தார், அந்த நீலநிறக் கார்ட்டூன் கூட்டத்தை வைத்து. ஆண்களில் ஒருவன் புத்திசாலி, ஒருவன் கோபக்காரன், ஒருவன் சோம்பேறி. அவளுடைய குணம் 'பெண்' என்பது. வரையும் விதத்திலும் இது உண்டு. மிக்கியின் காதலியான மின்னியைப் பாருங்கள். ஏறக்குறைய அதே எலி, கூடவே இமைமயிரும் தலையில் ஒரு ரிப்பனும். ஆண் என்றால் எலி, பெண் என்றால் அலங்காரம் சேர்த்த எலி.

வில்லன் ஏன் பல படங்களில் கொஞ்சம் 'பெண் தன்மையோடு' இருக்கிறான்?

பழைய தணிக்கைக்கு இதில் பங்கு உண்டு. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை இருந்த தயாரிப்பு விதிகள் தன்பாலின ஈர்ப்பைத் திரையில் காட்டவோ குறிப்பிடவோ தடை விதித்தன. சொல்ல முடியாததை நடை, குரல், உடை, வாசனைத்திரவியம் பூசிய கைக்குட்டை என்று சாடையில் சொன்னார்கள். அதே விதிகள் ஒழுக்கமீறல் தண்டிக்கப்பட வேண்டும் என்றும் எதிர்பார்த்ததால், அந்தச் சாடைகள் வில்லனிடமும் செத்துப்போகும் பாத்திரத்திடமும் போய் ஒட்டிக்கொண்டன. விதி போன பிறகும் வழக்கம் போகவில்லை.

நகைச்சுவையில் இன்னும் மோசம். ஆண் சேலையோ கவுனோ உடுத்தி வந்தாலே சிரிப்பு, திருநங்கை வந்தால், பார்க்கும் இன்னொருவர் முகத்தில் அருவருப்பு காட்டும் ரியாக்ஷன் ஷாட். அந்த ரியாக்ஷன் ஷாட்தான் உண்மையான குற்றவாளி என்பேன். அவளைப் பார்த்து எப்படி முகம் சுளிக்க வேண்டும் என்று அது நமக்குச் செய்து காட்டுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் பதிவுசெய்த சிரிப்புகளைச் சேர்க்க ஓர் இயந்திரமே செய்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கும் கூட்டத்தோடு சிரிப்பதுபோல இருக்கும். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் காதலாக எப்படி நம்ப வைக்கிறார்கள்?

அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வரும்போது ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு பெண் வேகமாக நடக்கிறாள். ஒருவன் பின்னாலேயே வருகிறான். அவள் திரும்பிப் பார்த்து இன்னும் வேகமாக நடக்கிறாள். இசை இல்லாவிட்டால் இது திகில் படம்.

அதைக் காதலாக மாற்ற மூன்று நாலு ஒட்டுவேலை போதும். துள்ளலான இசை. அவனுடைய நண்பர்கள் சிரிப்பது. மாலை வெயிலை அவளுக்குப் பின்னால் வைத்து எடுத்த ஷாட். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவன் கண்ணில் படாதபோது அவள் தனக்குள் சிரித்துக்கொள்ளும் ஒரு குளோசப். அந்த ஒரு ஷாட் பார்வையாளரிடம் ரகசியம் சொல்கிறது: அவள் வேண்டாம் என்றது பொய். இரண்டு விநாடி ஷாட், ஒரு முழு வாக்குமூலத்தை ரத்து செய்துவிடுகிறது. எழுத்தாளர் யாரும் 'பெண்ணின் மறுப்பை நம்பாதே' என்று வசனம் எழுதத் தேவையில்லை. எடிட்டிங் மேஜையிலேயே அது எழுதப்பட்டுவிட்டது.

கேமராவுக்குப் பின்னால் பெண்கள் வந்தால் எல்லாம் மாறிவிடுமா?

வந்தவர்கள்தான் அவர்கள், பிறகு வெளியேற்றப்பட்டவர்கள். பிரான்சில் ஆலிஸ் கீ 1896இலேயே படம் எடுக்கத் தொடங்கி, பின்னர் அமெரிக்காவில் சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தார். மௌனப்பட காலத்தில் ஃபிலிமை வெட்டி ஒட்டும் வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள், தையல் போன்ற கைவேலை என்று அது கருதப்பட்டதால். எடிட்டிங் ஒரு கலை என்று மதிப்பு ஏறியதும் ஆண்கள் அதிகம் வந்தார்கள். இயக்கத்துக்கான ஆஸ்கரை ஒரு பெண், கேத்ரின் பிகலோ, முதன்முறையாக வாங்கியது 2010இல். ஒளிப்பதிவுக்கு ஒரு பெண், ரேச்சல் மாரிசன், பரிந்துரைக்கப்படவே 2018 ஆகிவிட்டது. பார்வையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், கேமராவின் கண்ணருகே நின்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்கள்.

ஆள் மாறினால் மட்டும் போதாது, மொழி மாற வேண்டும். மல்வியின் கட்டுரை வந்த அதே 1975இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷாண்டல் ஆக்கர்மான் ஒரு படம் எடுத்தார். 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள். உருளைக்கிழங்கு தோல் உரிக்கிறாள், படுக்கை விரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், முதுகு நமக்குத் தெரிய. கேமரா அசையாது, குளோசப்புக்குப் போகாது, அவளைத் துண்டு போடாது. வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ ஷாட்டும் அவ்வளவு நேரம். மற்ற படங்கள் வெட்டி எறியும் நேரத்தை இது வைத்துக்கொண்டது. அதனால் மறுநாள் அவள் உருளைக்கிழங்கைக் கொஞ்சம் அதிகமாக வேகவிட்டுவிட்டால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் 2022 வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே மூச்சில் பார்க்க எனக்கே பொறுமை போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் பார்ப்பதால் நிஜத்தில் யாராவது மாறுகிறார்களா?

மாறுகிறார்கள், நாம் எதிர்பார்க்கும் வழியில்தான் என்று இல்லை. பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் ஒளிபரப்பு எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் பகுதியை எட்டியது என்பதை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. அந்தத் தொடர்களின் நாயகிகளில் பெரும்பாலோருக்குக் குழந்தை இல்லை, அல்லது ஒன்றுதான். தொடர்கள் எட்டிய பகுதிகளில் பிறப்பு விகிதம் குறைந்தது. தங்கள் குழந்தைகளுக்குப் பெற்றோர் தொடர் பாத்திரங்களின் பெயரை வைத்ததும் அதில் தெரிந்தது. 'சின்னக் குடும்பம் நல்லது' என்று யாரும் வசனம் பேசவில்லை, வரவேற்பறையில் குழந்தைகள் குறைவாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியக் கிராமங்களில் கேபிள் தொலைக்காட்சி வந்ததைப் பற்றி பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்களும் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்று சொன்ன பெண்களும் குறைந்தார்கள். மேலே நான் திட்டிய அதே வகைத் தொடர்கள் ஓடிய காலம் அது. கனமான கண் மை போட்டவளைக் கெட்டவள் என்று தொடர் சொன்னாலும், அவள் வேலைக்குப் போகிறாள், வண்டி ஓட்டுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள் என்பதைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். இது என் ஊகம், ஆய்வில் இருப்பது அல்ல.

ஓடிடியில் நமக்குப் பிடித்ததைத்தானே காட்டுகிறார்கள், அங்கே இந்தச் சிக்கல் குறையுமா?

இழுக்கும் வேலை படம் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அதுதான் வித்தியாசம். ஒரே படத்துக்கு வேறுவேறு முகப்புப் படங்களை ஆளுக்கேற்பக் காட்டுவதாக நெட்ஃபிளிக்ஸ் 2017இல் விளக்கியது. காதல் படம் அதிகம் பார்ப்பவருக்கு ஜோடி தெரியும், நகைச்சுவை பார்ப்பவருக்கு நகைச்சுவை நடிகர் தெரிவார். பழைய சுவரொட்டியில் ஊருக்கே ஒரே நாயகிதான் சாய்ந்து நின்றாள், சேர்ந்து நின்று விமர்சிக்கலாம். இப்போது உங்களுக்கு வந்த முகப்பு எனக்கு வராது.

இவ்வளவும் தெரிந்துகொண்டால் படத்தை ரசிக்க முடியாதே?

முதல் ஒரு மாதம் அப்படித்தான் இருக்கும். எதைப் பார்த்தாலும் கட் எண்ணத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர்கள் உங்களை வெளியே போகச் சொல்வார்கள். அப்புறம் அடங்கிவிடும். நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. இரண்டு பேர் பேசும் காட்சி முடிந்ததும், கடைசியாகக் கேமரா யார் முகத்தில் இருந்தது என்று மட்டும் மனதில் குறித்துக்கொள்வேன். படம் முடியும்போது கணக்கு தானாக வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய படத்தில் அதைச் செய்து பார்த்தேன். நாயகியின் முகத்தில் முடிந்த காட்சிகள் இரண்டு, இரண்டிலும் அவள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தாள். படம் இன்னும் பிடிக்கிறது. அவளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.